துண்டறிக்கையோடு போகாதீர்கள்

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகப்பணித் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எல்லாத் துறை மாணவர்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய ‘பொதுச் சுகாதாரமும் சமூக நலமும்’ என்ற விருப்பப் பாடத்தை இந்தப் பருவத்தில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பொறியியல், வணிகவியல், இலக்கியம் என்று பல துறைப் பிள்ளைகள் கலந்து உட்காரும் வகுப்பு. முதல் மாதம் வரையறைகளை நடத்தினேன். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிட்டார்கள். பிறகு ஒரு குடியிருப்புக்கு அழைத்துப் போய், கை கழுவுவது பற்றித் துண்டறிக்கை கொடுக்க வைத்தேன். ஒரு பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “கழுவுறேன் கண்ணு, தண்ணிக்கு எங்க போறது?” என்று கேட்டார். மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. மறுபடி அங்கே போகவே தயக்கமாக இருக்கிறது. நான் மருத்துவம் படித்தவளும் இல்லை. இந்தப் பாடத்தை எப்படித்தான் நடத்துவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தின் மையத்தை அந்தப் பாட்டி ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். அடுத்த வகுப்பில் அவர் கேட்டதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். அதற்குக் கீழே மாணவர்களே கேள்விகளை அடுக்கட்டும். அங்கே தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது? வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும்போது வந்தால் யார் பிடித்து வைப்பது? பிடித்த தண்ணீரில் குடிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் கழிப்பறைக்கும் போக, கை கழுவ எவ்வளவு மிஞ்சும்? அந்தத் தெருவுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று முடிவு செய்வது யார்?

கூடவே ஒரு சின்ன வேலையும் கொடுங்கள். ஒருநாள் முழுக்கத் தான் செலவழிக்கும் தண்ணீரை ஒவ்வொரு மாணவரும் வாளியில் அளந்து எழுதி வரவேண்டும். அடிப்படைத் தேவைகளுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தன் கணக்கையும் அந்தக் குடியிருப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் மாணவன், துண்டறிக்கையை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று தானே யோசிக்க ஆரம்பிப்பான்.

சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்தே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிற்று. அந்த உரிமையில் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். இந்தப் பாடம் அறிவுரை சொல்பவர்களை உருவாக்கக் கூடாது. பிள்ளைகள் வரும்போதே அறிவுரையோடுதான் வருகிறார்கள். சுத்தமாக இரு, சத்தாகச் சாப்பிடு, புகைக்காதே என்று பள்ளியில் வரைந்த சுவரொட்டிகள் அவர்கள் தலைக்குள் அப்படியே இருக்கின்றன. இந்தப் பாடம் கற்றுத்தர வேண்டியது கேள்வி கேட்பதற்கு. இந்த ஆளுக்கு ஏன் நோய் வந்தது என்று மருத்துவர் கேட்பார். இந்தத் தெருவில், இந்தத் தொழில் செய்பவர்களிடம், இந்த வயதுக்காரர்களிடம் மட்டும் ஏன் இந்த நோய் அதிகம் என்பது பொதுச் சுகாதாரம் கேட்கும் கேள்வி. இரண்டாவதைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. சமூகப்பணி படித்த உங்களுக்கு அது இன்னும் இயல்பாக வரும். தனிப்பட்ட நோய்க்கு மாணவரோ, நீங்கள் சந்திக்கும் மக்களோ மருந்து கேட்டால் மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். உங்கள் எல்லை அவ்வளவுதான்.

வரையறையில் தொடங்காதீர்கள். ஆரோக்கியம் என்பது நோயில்லாமல் இருப்பது மட்டுமல்ல, உடலாலும் மனத்தாலும் சமூகத்தாலும் முழுமையான நலத்தோடு இருப்பது என்ற, உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு வரையறை பருவத்தின் கடைசி வாரத்துக்குக் காத்திருக்கட்டும். அதற்குள் அதோடு சண்டை போடும் அளவுக்கு மாணவர்கள் தேறியிருப்பார்கள். ‘முழுமையான’ நலம் என்றால் அப்படி யார் இருக்கிறார்கள், தீராத நோயோடு நிறைவாக வாழ்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களே கேட்பார்கள்.

தொடக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 1854இல் லண்டனின் சோஹோ பகுதியைத் தாக்கிய காலரா. பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி: மருத்துவர் ஜான் ஸ்னோ சாவுகளைக் குறித்து வரைபடம் போட்டார், பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், காலரா நின்றது. இப்படி நடத்தினால் அதுவும் மனப்பாடம்தான். நான் விடையை மறைத்துவிட்டுத் தடயங்களை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுப்பேன்.

முதல் சீட்டு: ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிப் பத்தே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். கெட்ட காற்றால்தான் காலரா பரவுகிறது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இரண்டாம் சீட்டு: அந்தக் குழாயைச் சுற்றித்தான் சாவுகள் அதிகம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ஏழைகள் விடுதியில் 535 பேரில் ஐந்து பேர்தான் இறந்தார்கள். மூன்றாம் சீட்டு: அதே தெருவிலுள்ள மதுவடிப்பாலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தும் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. நான்காவது சீட்டு: சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவைப் பெண் காலராவில் இறந்தார். சோஹோ பக்கம் அவர் பல மாதங்களாகவே வரவில்லை.

இங்கே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சீட்டு இடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விடுதிக்கு ஒருவேளை தனிக் கிணறு இருந்திருக்குமோ என்று ஒரு குழு சொல்லும். இருந்தது. மதுவடிப்பாலைக்காரர்கள் தண்ணீரையே குடிக்கவில்லையோ என்று இன்னொரு குழு கேட்கும். சரிதான், அவர்களுக்கு மதுவே கிடைத்தது, தனிக் கிணறும் இருந்தது. கடைசியில் எல்லோரும் ஹாம்ஸ்டெட் பெண்ணிடம் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள். முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர் அவர். அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் தினமும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்துவந்தார் என்று சொல்லுங்கள். காற்று அங்கே போகவில்லை, தண்ணீர் போயிருக்கிறது. அந்த நொடியில் வகுப்பில் எழும் சத்தத்தை எந்த வரையறையாலும் வரவழைக்க முடியாது.

இதோடு கதையை முடித்தால் பாதிதான் நடத்தியதாகும். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் அந்தப் பகுதியில் ஊழியம் செய்துவந்தார். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டத்தான் அவர் விசாரிக்கத் தொடங்கினார். வீடு வீடாகப் போய், ஒரே ஆளைப் பலமுறை பார்த்துப் பேசியதில் அவருடைய எண்ணமே மாறிவிட்டது. குழாயை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், அந்த அடிகுழாயின் கிணற்றுக்கு மூன்றடி தூரம்கூட இல்லாத கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் மக்கள் அவரிடம் பேசினார்கள். ஸ்னோவின் பெயர் நிலைத்த அளவுக்கு வைட்ஹெட்டின் பெயர் நிலைக்கவில்லை. உங்கள் வகுப்பிலாவது இருவரும் சேர்ந்தே நிற்கட்டும். பழகிய முகம் இல்லாமல் வரைபடம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் குழந்தையின் வீடு யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். செப்டம்பர் 8ஆம் தேதி கைப்பிடியைக் கழற்றியபோது காலரா ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. மக்கள் பெருமளவில் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியதால்தான் நின்றது என்று நாம் சொல்லலாமா? ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடுமா என்ற விவாதத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கினால் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியில் 40 பேருக்குக் காய்ச்சல், இன்னொன்றில் 25 பேருக்கு. உதவி முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் முதல் பகுதியைக் காட்டுவார்கள். முதல் பகுதியில் 20,000 பேர், இரண்டாவதில் 5,000 பேர் என்று பிறகு சொல்லுங்கள். ஆயிரத்துக்கு இரண்டு எங்கே, ஆயிரத்துக்கு ஐந்து எங்கே! இனி செய்தியில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் உதவும். மறுநாள் பரிசோதனைக் கணக்கு. 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ள நூறு பேரில் தொண்ணூறு பேரைப் பரிசோதனை சரியாகக் காட்டும். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். மிச்சமுள்ள 9,900 பேரில் அப்படி 495 பேர் வருவார்கள். மொத்தம் 585 பேருக்கு நோய் என்று முடிவு வரும், உண்மையில் நோய் உள்ளவர்கள் அதில் 90 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர்தான். இதைப் போட்டுப் பார்த்த பிறகு, எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாமே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்களின் களப்பணி அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே முடிவில் போய் நிற்கின்றன: மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். எங்கும் போகாமல், விடுதி அறையில் உட்கார்ந்தே எழுதிவிடக்கூடிய முடிவு இது. உங்கள் வகுப்பில் இதற்குத் தடை போடுங்கள். தெரிந்தும் செய்ய முடியாமல் போனதற்குக் குறைந்தது மூன்று காரணங்களை மக்களின் வாயால் கேட்டு எழுதினால்தான் அறிக்கையை வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள்.

என் மாணவர்கள் சிலர், கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாததற்கு இதே காரணத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். திருப்பி அனுப்பினேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கக் கூடாது, அது குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். கடைசியாக மாத்திரை சாப்பிட்டது எப்போது, அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேளுங்கள் என்றேன். வந்த பதில்கள் இவை. காலையில் வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது என்றார் ஒருவர். இன்னொருவருக்கு மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டார். போன தடவை மாத்திரை இருப்பில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார் மூன்றாமவர். வாங்கப் போனால் அரைநாள் கூலி போகிறது என்றார் நான்காமவர். அது இரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்பது நால்வருக்கும் தெரியும். குமட்டலுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம். கறுப்பாகப் போவது இயல்புதான் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இருப்பு இல்லாததற்கு மருந்து வழங்குபவர்கள் பொறுப்பு. கூலி போகாமல் இருக்க மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். நான்கு பேருக்கு நான்கு தீர்வு, அதில் ஒன்றுகூட முகாம் கிடையாது.

தனிமனிதரைத் திருத்துவதைவிடச் சூழலை மாற்றுவது எவ்வளவு உயிரைக் காக்கும் என்பதற்கு இலங்கையைச் சொல்லுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. பூச்சிமருந்து குடித்து இறந்தவர்களே அதிகம். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் அரசு தடைசெய்தது. 1995இலிருந்து பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதற்கேற்பக் குறையவில்லை, ஆனால் வந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மனத்தவிப்பின் ஒரு கணத்தில் கைக்கெட்டும் பொருள் உயிரைப் பறிக்காததாக இருந்ததுதான் வித்தியாசம். இதை நடத்தும் அன்று வகுப்பில் யாராவது அந்தத் தவிப்போடு உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் பல்கலைக்கழக மனநல ஆலோசகரின் பெயரையும் அறையையும் முதலிலேயே பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்தால் அவரையே வகுப்புக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

மக்களால் முடியாது என்று நினைக்கும் மாணவர்களுக்கு 1971ஐச் சொல்லலாம். வங்கதேசப் போரின்போது எல்லையோர பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலானபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். இறப்பு 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இடத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காப்பாற்றிய கைகள் அந்த உறவினர்களுடையவை.

களத்துக்குப் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் களம் உங்கள் வளாகமாகவே இருக்கட்டும். கழிப்பறை நன்றாக இல்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகள் எத்தனை பேர் என்று, பெயர் கேட்காமல், சீட்டில் எழுதி வாங்கிப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று தனிமனிதரின் கவனக்குறைவால் வருவது என்று அதற்குப் பிறகு எந்த மாணவனும் எழுத மாட்டான். பல துறைப் பிள்ளைகள் கலந்திருப்பதைச் சிக்கலாகப் பார்க்காதீர்கள், அதுதான் உங்கள் பலம். பொறியியல் மாணவர்கள் குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அளக்கட்டும். குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், சிறு சோதனைப் பெட்டியிலேயே நிறத்தை வைத்துப் பார்த்துவிடலாம். கழிப்பறையைச் சீர்செய்ய என்ன செலவாகும் என்று வணிகவியல் மாணவர்கள் கணக்குப் போடட்டும். நிர்வாகத்துக்குப் போகும் மனுவை இலக்கிய மாணவர்கள் எழுதட்டும்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு அந்தக் குடியிருப்புக்குத் திரும்பிப் போங்கள். முதல்முறை வெறுங்கையோடு போய், அங்கே தினமும் வேலை பார்க்கும் சுகாதாரக் களப்பணியாளரையும் தூய்மைப் பணியாளரையும் சந்தித்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஊருக்குள் எப்போது வரலாம், யாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். அனுமதியில்லாமல் படம் எடுக்க வேண்டாம். அளந்தபின் வழிகாட்ட முடியாத எதையும் அளக்க வேண்டாம். ஒருவருக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால் எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் அனுப்புவது என்று முன்பே பேசி வைத்திருக்காவிட்டால் கருவியை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். திரட்டிய விவரத்தை அந்த மக்களுக்கு அவர்கள் மொழியில் திரும்பச் சொல்ல ஒரு நாள் குறித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

இந்த விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று மாணவர்கள் கேட்டால் அமெரிக்காவின் டஸ்கிகீயைச் சொல்லுங்கள். சிபிலிஸ் நோயின் போக்கைப் பார்ப்பதற்காக அரசுப் பொதுச் சுகாதாரத் துறையே 1932இல் தொடங்கிய ஆய்வு அது. நோயுற்றிருந்த 399 கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. 1940களில் அதைக் குணமாக்கும் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான், 1972இல், அது நின்றது. மக்களின் நலத்துக்காக என்ற பெயரிலேயே இது நடந்தது என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

மதிப்பெண்ணை எப்படிப் போடுவது என்ற கேள்வி உங்களுக்கு நிச்சயம் வரும், ஏனென்றால் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். வரையறை கேட்கும் வினாக்களைக் குறைத்துவிட்டு, பாடத்தில் இல்லாத ஒரு சூழலைக் கொடுங்கள்: ஒரு விடுதியில் ஒரே வாரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு, முதலில் நீங்கள் கேட்கப்போகும் ஐந்து கேள்விகள் எவை, யாரிடம் கேட்பீர்கள், எந்தப் பதில் வந்தால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்? கடைசிப் பகுதிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைப்பேன். “எல்லோரும் ஒரே சமையலறையில் சாப்பிட்டார்கள் என்று நினைத்தேன், வெளியே சாப்பிட்டவர்களுக்கும் வந்திருந்தால் தண்ணீரைப் பார்ப்பேன்” என்று ஒரு மாணவி எழுதினால், அவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.